விலை ஏறினாலும் மலை ஏறினாலும் 'இன்கிரீஸ்' ஒன்றுதானா? மேலே போவதையும் முன்னேறுவதையும் ஆங்கிலத்தில் இயல்பாகச் சொல்ல ஒரு முழு வழிகாட்டி

தமிழில் 'ஏறு' என்ற ஒரே வினைச்சொல்லை வைத்துக்கொண்டு நாம் காலையிலிருந்து இரவு வரை ஓட்டிவிடுகிறோம். விலை ஏறுகிறது, வெயில் ஏறுகிறது, காய்ச்சல் ஏறுகிறது, பஸ் ஏறுகிறோம், போனில் சார்ஜ் ஏறுகிறது, சம்பளம் மட்டும் ஏறமாட்டேன் என்கிறது. ஆங்கிலம் என்று வந்தவுடன் இத்தனைக்கும் சேர்த்து நம் கையில் இருப்பது பெரும்பாலும் 'இன்கிரீஸ்' ஒன்றுதான், மிஞ்சிப்போனால் கூட 'இம்ப்ரூவ்', 'டெவலப்' என்று இரண்டு. இலக்கணம் சரியாகத்தான் இருக்கும், ஆனால் கேட்பவருக்கு ஏதோ அரசாங்க அறிக்கை படிப்பதுபோல இருக்கும்.

இதற்குத் தீர்வாகப் பலர் செய்வது, நூறு சொற்கள் கொண்ட பட்டியல் ஒன்றை இறக்கி மனப்பாடம் செய்வது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. எந்தச் சொல் என்று தேடுவதற்கு முன் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய சில கேள்விகள் இருக்கின்றன. அவற்றை வரிசையாகக் கேட்டால் இருபது சொற்களே தாராளம். கீழே ஆங்கில வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே கொடுத்திருக்கிறேன், வாய்விட்டுப் படியுங்கள், காதுக்குப் பழகினால்தான் பேசும்போது தானாக வரும்.

முதல் கேள்வி: தானாக ஏறியதா, யாராவது ஏற்றினார்களா?

'ரைஸ்', 'ரெய்ஸ்' குழப்பம் எல்லோருக்கும் உண்டு. ஆங்கிலமே தாய்மொழியாகக் கொண்டவர்கள்கூட இதில் தடுமாறுவார்கள். நமக்கு ஒரு வசதி இருக்கிறது, பள்ளியில் தன்வினை பிறவினை என்று படித்தோமே, அதேதான் இது. விலை ஏறியது என்றால் 'ரைஸ்', விலையை ஏற்றினார்கள் என்றால் 'ரெய்ஸ்'. உயர்ந்தது, உயர்த்தினார்கள் என்பதும் அப்படியே. மனதில் தமிழ் வாக்கியத்தைச் சொல்லிப் பாருங்கள், 'ஐ' என்ற வேற்றுமை உருபு ஒட்டிக்கொண்டு வந்தால் (விலையை, கையை, கொடியை) அங்கே 'ரெய்ஸ்' போடுங்கள். ஏறக்குறைய எப்போதும் சரியாக வரும்.

ரிசர்வ் வங்கியை எடுத்துக்கொள்வோம். 2022 மே மாதம் ரெப்போ வட்டி விகிதத்தை (வங்கிகளுக்கு அது கொடுக்கும் குறுகியகாலக் கடனுக்கான வட்டி) 4 சதவீதத்திலிருந்து 4.4 சதவீதமாக ஏற்றினார்கள். 'தி ஆர்பிஐ ரெய்ஸ்டு தி ரெப்போ ரேட் டு 4.4 பெர்சென்ட்'. ஏற்றியது யார் என்று சொல்ல வேண்டாம், வட்டி ஏறியது என்பது மட்டும் போதும் என்றால் 'தி ரெப்போ ரேட் ரோஸ் டு 4.4 பெர்சென்ட்'. நம்மில் நிறையப் பேர் இங்கே 'வாஸ் ரிஸன்' என்று எழுதுகிறார்கள். அது கிடையவே கிடையாது, 'ரைஸ்' தானாக நடப்பது, அதற்குச் செயப்பாட்டு வினை இல்லை. வேண்டுமானால் 'வாஸ் ரெய்ஸ்டு'.

வடிவங்களையும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன்: ரைஸ், ரோஸ், ரிஸன். மற்றது ரெய்ஸ், ரெய்ஸ்டு, ரெய்ஸ்டு. 'ரைஸ்' என்பதன் கடைசியில் வருவது வண்டு ரீங்காரம் போன்ற அதிரும் ஒலி; அதை வெறும் 'ஸ்' ஆகச் சொன்னால் அரிசி ஆகிவிடும்.

சந்திரயான் 3 இதற்கு நல்ல உதாரணம். 2023 ஜூலை 14 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் கிளம்பியது, அதன்பின் விண்கலம் பூமியைச் சுற்றிக்கொண்டிருந்தபோது அதன் சுற்றுப்பாதையைப் படிப்படியாக உயர்த்தினார்கள். இஸ்ரோ அதை 'ஆர்பிட் ரெய்ஸிங்' என்றுதான் எழுதியது. பாதை தானாக உயரவில்லை, இங்கிருந்து கட்டளை அனுப்பி, எஞ்சினை இயக்கி உயர்த்தினார்கள்.

இந்தத் தலைவலியே வேண்டாம் என்றால் 'இன்கிரீஸ்' இருக்கிறது, அது இரண்டு பக்கமும் வேலை செய்யும். 'தி ப்ரைஸ் இன்கிரீஸ்டு' சரி, 'தே இன்கிரீஸ்டு தி ப்ரைஸ்' என்பதும் சரி. அவசரத்துக்கு அதைப் பயன்படுத்துவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பெயர்ச்சொல்லாக வரும்போது முதல் அசையை அழுத்த வேண்டும், வினையாக வரும்போது இரண்டாவதை. எழுத்தில் தெரியாது, பேச்சில் தெரியும்.

'அரைஸ்' என்று மூன்றாவதாக ஒன்று உண்டு. அது பிரச்சினை, கேள்வி, தேவை எழுவதற்கு மட்டும்: 'இஃப் எ ப்ராப்ளம் அரைஸஸ்'. விலைக்கும் வெப்பத்துக்கும் அதைத் தொடவே வேண்டாம்.

இரண்டாவது கேள்வி: உண்மையில் ஏறியது எது?

'கிளாஸில் ஸ்டூடன்ட்ஸ் அதிகமாயிட்டாங்க' என்று நாம் சொன்னால் யாருக்கும் குழப்பம் வராது. அதை அப்படியே 'தி ஸ்டூடன்ட்ஸ் இன்கிரீஸ்டு' என்றால், என்ன, எல்லோரும் குண்டாகிவிட்டார்களா என்று தோன்றும். ஆங்கிலத்தில் ஆட்களோ பொருள்களோ ஏறுவதில்லை, அவற்றின் எண்ணிக்கை, விலை, அளவு, மட்டம் என்று ஏதோ ஒன்றுதான் ஏறும். ஆகவே 'தி நம்பர் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ் வென்ட் அப்'. 'தி பீப்பிள் ரோஸ்' என்று எழுதினால் மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள் என்று பொருள் வந்துவிடும், 'ரோஸ் அப்' என்றால் கேட்கவே வேண்டாம், புரட்சியே நடந்துவிட்டது.

விதிவிலக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பேச்சில் 'கோ அப்' வந்தால் கட்டுப்பாடு தளர்ந்துவிடும். 'பெட்ரோல் ஹேஸ் கான் அப் அகெய்ன்', 'டொமேட்டோஸ் ஹாவ் கான் அப்', 'கோல்டு இஸ் அப் டுடே' எல்லாம் சுத்தமான, இயல்பான ஆங்கிலம். நாம் 'தக்காளி ஏறிடுச்சு' என்கிற அதே தொனி. அங்கே 'இன்கிரீஸ்டு' போட்டால்தான் உதைக்கும். கடைத்தெருப் பேச்சுக்கு 'கோ அப்', அறிக்கைக்கும் செய்திக்கும் 'ரைஸ்', எங்கும் ஒப்பேற்ற 'இன்கிரீஸ்' என்று வைத்துக்கொள்ளலாம்.

விலை என்பதற்கு நாம் 'ரேட்' என்று சொல்லிப் பழகிவிட்டோம், 'டொமேட்டோ ரேட்', 'கோல்டு ரேட்'. இந்தியாவுக்குள் பிரச்சினை இல்லை. வெளியே இருப்பவர்களுக்கு 'ரேட்' என்றால் வட்டி விகிதம், பிறப்பு விகிதம், அறைக்கு ஒரு நாள் வாடகை என்கிற மாதிரி, காய்கறிக்கு 'ப்ரைஸ்'. விலை அதிகம் என்பதற்கு 'தி ப்ரைஸ் இஸ் ஹை' என்று சொல்லுங்கள், பொருளைச் சொன்னால் 'எக்ஸ்பென்சிவ்' போடுங்கள். 'தி ப்ரைஸ் இஸ் காஸ்ட்லி' என்று இரண்டையும் குழப்ப வேண்டாம்.

சில பெயர்ச்சொற்களுக்குத் தோதான வினை ஏற்கெனவே ஒட்டிக்கொண்டு வரும். கூட்டம், மக்கள்தொகை, பொருளாதாரம், நம்பிக்கை, ஆர்வம் எல்லாம் 'க்ரோ' ஆகும்: 'தி க்ரவுட் க்ரூ', 'ஹெர் கான்ஃபிடன்ஸ் க்ரூ'. கடன் 'மவுன்ட்' ஆகும் அல்லது 'பைல் அப்' ஆகும். நெருக்கடி 'மவுன்ட்' அல்லது 'பில்ட் அப்', போக்குவரத்து நெரிசலும் 'பில்ட் அப்'. தேவை, வியாபாரம் 'பிக் அப்'. இதற்கெல்லாம் காரணம் கேட்டுப் பயனில்லை, வழக்கம் அப்படி. நாமும் துரு ஏறியது என்கிறோம், ஒட்டடை ஏறியது என்கிறோமா?

உடம்பு சம்பந்தப்பட்டவை தனி. எடை ஏறியது என்பதற்கு 'மை வெய்ட் இன்கிரீஸ்டு' என்று டாக்டரிடம் சொன்னால் புரியும், ஆனால் எல்லோரும் சொல்வது 'ஐ புட் ஆன் வெய்ட்' அல்லது 'ஐ கெய்ன்டு வெய்ட்'. பையன் வளர்ந்துவிட்டான் என்பதற்கு 'ஹிஸ் ஹைட் இன்கிரீஸ்டு' வேண்டாம், 'ஹி ஹேஸ் க்ரோன்'. ஒரே வருஷத்தில் பேன்ட் எல்லாம் குட்டையாகிவிட்டது என்றால் 'ஹி ஹேஸ் ஷாட் அப்'. சுகர், பிரஷர், காய்ச்சல் மூன்றுக்கும் 'வென்ட் அப்' போதும்: 'ஹெர் பிளட் ஷுகர் வென்ட் அப்'. திடீரென்று எகிறினால் 'ஷாட் அப்'.

மூன்றாவது கேள்வி: நிஜமாகவே இடம் மாறி மேலே போகிறதா?

இதுவரை பார்த்தவை எண்கள். நிஜமாக உடலோடு, வண்டியோடு மேலே போவது வேறு கதை. இங்கே பார்க்க வேண்டியது, முயன்று ஏறுகிறதா, மிதந்து எழுகிறதா என்பது. புகை, நீராவி, சூரியன், நிலா, வெள்ளம், புளித்த இட்லி மாவு, இதெல்லாம் 'ரைஸ்'. பிடித்துப் பிடித்து, மூச்சு வாங்கி, எஞ்சின் உறும ஏறுவது 'க்ளைம்'.

நீலகிரி மலை ரயிலைப் பாருங்கள். மேட்டுப்பாளையத்தில் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 325 மீட்டர் உயரத்தில் கிளம்பி, 46 கிலோமீட்டர் ஓடி, ஊட்டியில் ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில் போய் நிற்கிறது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே 12 அடி போனால் ஒரு அடி உயர்கிற செங்குத்து, அதனால்தான் தண்டவாளத்தின் நடுவே பல்சட்டம் போட்டு, எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறுகிறது. இதற்கு 'தி ட்ரெய்ன் ரைஸஸ்' என்றால் ரயில் பலூன்போல அந்தரத்தில் எழும்புகிற காட்சி வரும். 'தி ட்ரெய்ன் க்ளைம்ஸ் டு ஊட்டி' என்றால் அந்தப் பல்சக்கரம் கவ்வுவது காதில் கேட்கும். பாதையைப் பற்றிப் பேசினாலும் 'தி ட்ராக் க்ளைம்ஸ் ஸ்டீப்லி ஆஃப்டர் கல்லாறு'. அந்த இடத்தில் மலையே நிற்கிறதே, அதைச் சொல்ல 'ரைஸ்' வரும்: 'தி ஹில்ஸ் ரைஸ் பிஹைண்ட் தி டவுன்'. மலை அசைவதில்லை, நம் கண்தான் மேலே போகிறது.

விமானம் தரையை விட்டால் 'டேக் ஆஃப்', அப்புறம் உயரே போவது 'க்ளைம்'. ராக்கெட்டுக்கு 'லிஃப்ட் ஆஃப்'. 'அஸென்ட்' என்ற வினையை அரியணை ஏறும் ராஜாவுக்கும் எழுத்து நடைக்கும் விட்டுவிடலாம். மாடிப்படி ஏறுவதை 'ஐ அஸென்டட் தி ஸ்டேர்ஸ்' என்று சொன்னால் சிரிப்பார்கள். 'வென்ட் அப் தி ஸ்டேர்ஸ்' அல்லது வெறுமனே 'வென்ட் அப்ஸ்டேர்ஸ்'.

பஸ், கார் சமாச்சாரத்தில் நாம் எல்லாவற்றிலும் 'ஏறுகிறோம்', ஆங்கிலக்காரர் 'கெட்' ஆகிறார். உள்ளே நின்று நடக்க இடம் இருக்கிற வண்டி என்றால் 'கெட் ஆன்': பஸ், ரயில், விமானம், கப்பல். குனிந்து உட்கார்ந்துகொள்கிற வண்டி என்றால் 'கெட் இன்': கார், ஆட்டோ. கால் போட்டு உட்காரும் பைக், சைக்கிள், குதிரை மறுபடி 'கெட் ஆன்'. 'க்ளைம்ப்டு தி பஸ்' என்றால் ஆள் பஸ்ஸின் கூரைமேல் போய் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள், சில வழித்தடங்களில் அதுவும் உண்மையாக இருக்கலாம்.

நான்காவது கேள்வி: எவ்வளவு வேகம், அதில் உங்களுக்குச் சந்தோஷமா வருத்தமா?

இங்கேதான் சொல்வளம் உதவும், இங்கேதான் நிறையப் பேர் அளவு மீறுகிறார்கள். வெளிநாட்டுப் படிப்புக்கும் வேலைக்கும் கேட்கப்படும் ஆங்கிலத் தேர்வான ஐஇஎல்டிஎஸ் எழுதுகிற பிள்ளைகளின் விடைகளில், ஏதோ இரண்டு சதவீதம் ஏறியதற்கெல்லாம் 'ஸ்கைராக்கெட்டட்' என்று வரும். சொல்வளத்துக்கு மதிப்பெண் உண்டு என்பது உண்மைதான், ஆனால் பெரிய சொல் வந்ததா என்று பார்ப்பதில்லை, பொருத்தமாக வந்ததா என்றுதான் பார்க்கிறார்கள்.

துளித்துளியாக, அரை சதவீதம் கால் சதவீதம் என்று ஏறினால் 'எட்ஜ் அப்' அல்லது 'இன்ச் அப்'. மெல்ல ஏறுகிறது, கவனிக்காமல் விட்டால் கழுத்தைப் பிடிக்கும் என்ற கவலை கலந்தால் 'க்ரீப் அப்': மின்கட்டணம், வாடகை, சுகர். சீராக, நிற்காமல் ஏறினால் 'க்ளைம்'. ஒரே அடியாகத் தாவினால் 'ஜம்ப்'. அணை திறந்ததுபோலக் குபுகுபுவென்று என்றால் 'சர்ஜ்'. கண்ணுக்கெட்டாத உயரம் போனால் 'ஸோர்', பேச்சில் 'ஷூட் அப்'. 'ஸ்பைக்' என்பதைக் கவனமாகப் போடுங்கள், ஊசிமுனைபோலச் சட்டென்று ஏறி இறங்கியும் விட்டது என்ற சாயல் அதில் உண்டு, அதனால் பல வருஷமாக ஏறிக்கொண்டே இருக்கும் ஒன்றுக்கு அது பொருந்தாது.

இறங்கி, மறுபடி பழைய இடத்துக்கு ஏறியதை 'இன்கிரீஸ்டு அகெய்ன்' என்று எழுதுவதைவிட 'ரிகவர்டு', 'பவுன்ஸ்டு பேக்' என்பது எவ்வளவோ மேல். இதோடு சேர்ந்தது 'பிக்கிங் அப்', 'லுக்கிங் அப்'. இவற்றில் ஒரு பொறி இருக்கிறது. 'பிசினஸ் இஸ் பிக்கிங் அப்' என்றால் இதற்கு முன் படுத்துக் கிடந்தது என்று ஒப்புக்கொண்ட மாதிரி. புது வாடிக்கையாளரிடம் போய் இப்படிச் சொன்னால் அவர் அடுத்து என்ன கேட்பார் என்று யோசித்துக்கொள்ளுங்கள். நன்றாகவே போய்க்கொண்டிருந்தது, இன்னும் நன்றாகப் போகிறது என்றால் 'பிசினஸ் இஸ் க்ரோயிங்'.

வினைச்சொல்லை மாற்றாமல், கூட வரும் வினையடையை மாற்றியும் வேகத்தைச் சொல்லலாம். 'ரோஸ் ஷார்ப்லி', 'ரோஸ் ஸ்டெடிலி', 'ரோஸ் ஸ்லைட்லி'. அதையே பெயர்ச்சொல்லாகத் திருப்பினால் 'எ ஷார்ப் ரைஸ்', 'எ ஸ்டெடி ரைஸ்', 'எ ஸ்லைட் ரைஸ்'. ஒரு வாக்கியத்தில் முதல் வகை, அடுத்ததில் இரண்டாவது வகை என்று மாற்றி மாற்றிப் போட்டாலே திரும்பத் திரும்ப ஒன்றையே எழுதிய அலுப்பு வராது. ஆனால் 'சர்ஜ்டு ஷார்ப்லி', 'ஸோர்டு ட்ரமாட்டிகலி' என்று எழுதாதீர்கள், 'சர்ஜ்' என்ற சொல்லுக்குள்ளேயே அந்த வேகம் இருக்கிறது. 'இன்கிரீஸ்டு அப்', 'ரெய்ஸ்டு அப் தி ப்ரைஸ்' என்று தேவையில்லாமல் 'அப்' சேர்ப்பதும் இந்த ரகம்தான்.

ஐந்தாவது கேள்வி: எங்கிருந்து, எங்கே, எவ்வளவு?

சின்னச் சொற்கள்தான் பெரிய பிழையைச் செய்கின்றன. மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 120 அடி. 'தி வாட்டர் லெவல் ரோஸ் டு 120 ஃபீட்' என்றால் அணை நிரம்பிவிட்டது, டெல்டா விவசாயிக்கு நல்ல சேதி. 'ரோஸ் பை 120 ஃபீட்' என்றால் இருந்த மட்டத்துக்கு மேல் இன்னும் 120 அடி ஏறியது என்று அர்த்தம், அணை முழுக்கக் காலியாகக் கிடந்திருந்தால் ஒழிய அது நடக்காது. சேர்ந்த இடம் 'டு', கூடிய அளவு 'பை', கிளம்பிய இடம் 'ஃப்ரம்'. மூன்றையும் சேர்த்தும் எழுதலாம்: 'ரோஸ் பை 5 ஃபீட், ஃப்ரம் 95 டு 100'.

பெயர்ச்சொல்லாக எழுதும்போது 'பை' போய் 'ஆஃப்' வரும். எது ஏறியது என்பதற்கு 'இன்' வரும். 'எ ரைஸ் ஆஃப் 5 ஃபீட் இன் தி வாட்டர் லெவல்'. நம்மவர்கள் விலையின் உயர்வு என்பதை அப்படியே 'தி இன்கிரீஸ் ஆஃப் ப்ரைஸ்' என்று எழுதிவிடுகிறார்கள். 'தி இன்கிரீஸ் இன் ப்ரைஸ்' என்று மாற்றுங்கள்.

சதவீதம் இன்னொரு வம்பு. இந்தியாவின் எழுத்தறிவு விகிதம் 2001 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 65 சதவீதம், 2011-ன் முதற்கட்டக் கணக்கில் 74 சதவீதம். 'ரோஸ் பை 9 பெர்சென்ட்' என்று எழுதினால் கணக்குத் தெரிந்தவர் பிடித்துக்கொள்வார், ஏனென்றால் 65-ல் 9 சதவீதம் என்பது ஆறுக்குக் கொஞ்சம் குறைவு. சதவீதத்திலிருந்து சதவீதத்தைக் கழித்தால் வருவது 'பெர்சன்டேஜ் பாயின்ட்ஸ்'. ஆகவே 'ரோஸ் பை 9 பெர்சன்டேஜ் பாயின்ட்ஸ்'. வட்டி விகிதத்துக்கு இதையே நூறாகப் பிரித்து 'பேஸிஸ் பாயின்ட்ஸ்' என்பார்கள், 4-லிருந்து 4.4 ஆனது 40 பேஸிஸ் பாயின்ட்ஸ்.

மடங்கு சொல்லும்போது 'டைம்ஸ்' என்ற சொல்லிடம் ஜாக்கிரதை. 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரிசர்வ் வங்கி தொடர்ந்து ஆறு முறை வட்டியை ஏற்றி 6.5 சதவீதத்தில் கொண்டுவந்து நிறுத்தியது. 'ரெய்ஸ்டு தி ரேட் சிக்ஸ் டைம்ஸ்' என்றால் ஆறு முறை. 'தி ரேட் இன்கிரீஸ்டு சிக்ஸ் டைம்ஸ்' என்று எழுதிவிட்டால் ஆறு முறையா ஆறு மடங்கா என்று படிப்பவர் தலையைச் சொறிவார். மடங்குக்கு 'டபுள்டு', 'ட்ரிபிள்டு' என்று நேராகச் சொல்லிவிடுவது நல்லது. நூறு சதவீத உயர்வு என்றாலும் 'டபுள்டு' தான்.

காலம் பற்றிச் சுருக்கமாக. தேதி சொல்லிவிட்டால் 'ரோஸ்' (இன் 2022), அன்றுமுதல் இன்றுவரை என்றால் 'ஹேஸ் ரிஸன்' (சின்ஸ் 2022), இன்னும் ஏறிக்கொண்டிருந்தால் 'இஸ் ரைஸிங்'. நாளுக்கு நாள் என்பதை 'டே பை டே' என்று எல்லா வாக்கியத்தின் வாலிலும் கட்டும் பழக்கம் நம்மிடம் அதிகம், 'தி ப்ரைசஸ் ஆர் இன்கிரீஸிங் டே பை டே'. தப்பில்லை, அலுத்துவிட்டது. 'ப்ரைசஸ் கீப் கோயிங் அப்' என்று சொல்லிப் பாருங்கள், அதே புலம்பல் அழகாக வந்துவிடும்.

ஆறாவது கேள்வி: மனுஷர் முன்னேறினாரா, வேலை முன்னேறியதா?

'வாழ்க்கையில மேல வரணும்' என்று நம் வீடுகளில் சொல்லாத நாளில்லை. அதிலிருந்து பிறந்ததுதான் 'கம் அப் இன் லைஃப்' என்று தோன்றுகிறது. இந்தியா முழுக்கப் புழங்குகிறது, புரியாதவர் இல்லை, அதைத் தப்பு என்று சொல்லி ஒதுக்க எனக்கு மனமில்லை. வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பம் எழுதும்போது மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். பொதுவாக நன்றாக இருப்பது 'டூ வெல் இன் லைஃப்', போட்டியில் முந்துவது 'கெட் அஹெட்', அடிமட்டத்திலிருந்து உழைத்து ஏறியது 'வொர்க்டு ஹிஸ் வே அப்'. சுந்தர் பிச்சை 2004-ல் கூகுளில் சேர்ந்து 2015-ல் அதன் தலைமைச் செயல் அதிகாரி ஆனார், அப்படி ஒரே நிறுவனத்துக்குள் படிப்படியாக ஏறியதற்கு 'ரோஸ் த்ரூ தி ரேங்க்ஸ்' என்பது கச்சிதம். ஐந்து கம்பெனி மாறி மேலே வந்தவருக்கு அது அவ்வளவாக ஒட்டாது.

சம்பளத்துக்கு நாம் சொல்லும் 'இன்கிரிமென்ட்', 'ஹைக்' இரண்டும் இந்திய அலுவலகங்களில் சக்கைப்போடு போடுகின்றன. அமெரிக்கரிடம் 'ஐ காட் எ ரெய்ஸ்', பிரிட்டிஷ்காரரிடம் 'ஐ காட் எ பே ரைஸ்'. 'ஐ காட் எ குட் ஹைக்' என்றால் மலையில் நடைப்பயணம் போய்வந்ததாக நினைக்க வாய்ப்புண்டு. 'ப்ரமோட்டட் ஆஸ் மேனேஜர்' வேண்டாம், 'ப்ரமோட்டட் டு மேனேஜர்'. 'ஐ காட் ப்ரமோஷன்' என்பதை 'ஐ காட் ப்ரமோட்டட்' ஆக்குங்கள், இல்லாவிட்டால் நடுவில் ஒரு 'எ' சேருங்கள்.

அதே 'எ' வரவே கூடாத இடம் 'ப்ராக்ரஸ்'. அது எண்ண முடியாத சொல். 'எ குட் ப்ராக்ரஸ்' இல்லை, வெறும் 'குட் ப்ராக்ரஸ்'. 'டூ ப்ராக்ரஸ்' இல்லை, 'மேக் ப்ராக்ரஸ்'. அலுவலக மின்னஞ்சல்களில் நான் அதிகம் பார்ப்பது 'தி வொர்க் இஸ் அண்டர் ப்ராக்ரஸ்'. 'அண்டர் கன்ஸ்ட்ரக்‌ஷன்' போர்டைப் பார்த்துப் பார்த்து இது வந்திருக்க வேண்டும். 'இன் ப்ராக்ரஸ்' என்பதுதான் வழக்கு.

வேலை எந்த நிலையில் இருக்கிறது என்று மேலாளர் கேட்கும்போது, எல்லாவற்றுக்கும் 'கோயிங் ஆன் சார்' என்று பதில் சொன்னால் அவருக்கு எதுவும் தெரியாது, உங்களுக்கு அதுதான் வேண்டும் என்றால் சரி. தெளிவாகச் சொல்ல நினைத்தால்: குறித்த தேதிக்கு முடிந்துவிடும் என்றால் 'வி ஆர் ஆன் ட்ராக்'. நன்றாக உருவாகி வருகிறது, தேதி பற்றிப் பேச்சில்லை என்றால் 'இட்ஸ் கமிங் அலாங் வெல்'. இன்னும் முடியவில்லை, கிட்ட வந்துவிட்டோம் என்றால் 'வி ஆர் கெட்டிங் தேர்'. இதில் கடைசி வாக்கியத்தைப் பாராட்டாக எண்ணி அடுத்தவர் வேலையைப் பற்றிச் சொல்லிவிடாதீர்கள், 'யூ ஆர் கெட்டிங் தேர்' என்றால் இன்னும் பத்தாது என்பதும் உள்ளே இருக்கிறது.

'இம்ப்ரூவ்' பற்றி இரண்டு. 'மை இங்கிலீஷ் இஸ் இம்ப்ரூவ்டு' என்பதைவிட 'ஹேஸ் இம்ப்ரூவ்டு', பேச்சில் 'இஸ் கெட்டிங் பெட்டர்'. இன்னொன்று, 'ஐ வான்ட் டு இம்ப்ரவைஸ் மை ஸ்கில்ஸ்' என்று நேர்முகத் தேர்வில் சொல்பவர்கள் ஏராளம். 'இம்ப்ரவைஸ்' என்றால் கையில் இருப்பதை வைத்து அந்த நேரத்தில் ஒப்பேற்றுவது; கச்சேரியில் வித்வான் கற்பனாஸ்வரம் பாடுவது. திறமையை வளர்த்துக்கொள்வதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஏழாவது: ஏறாத 'ஏறு'க்கள்

கடைசியாக, தமிழில் ஏறினாலும் ஆங்கிலத்தில் ஏறவே ஏறாதவை. சார்ஜ் ஏறுகிறது என்பது 'இட்ஸ் சார்ஜிங்'. லாரியில் மூட்டை ஏற்றுவது 'லோட்'. விளக்கு ஏற்றுவது 'லைட் தி லாம்ப்'. டிரிப்ஸ் ஏற்றினார்கள் என்பது 'தே புட் ஹிம் ஆன் எ ட்ரிப்'. வயசு ஏறுகிறது என்பது 'ஐ ஆம் கெட்டிங் ஓல்டு'. மேடை ஏறினார் என்பது 'வென்ட் ஆன் ஸ்டேஜ்'. வெயில் ஏறிவிட்டது என்பது 'இட்ஸ் கெட்டிங் ஹாட்'. எனக்குப் பிடித்தது மண்டையில் ஏறவில்லை என்பது: 'இட்ஸ் நாட் சிங்கிங் இன்'. நமக்கு அறிவு மேலே ஏற வேண்டும், அவர்களுக்கு உள்ளே அமிழ வேண்டும்.

எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பத்தி

ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் எழுத்துத் தேர்வின் முதல் பகுதியில் வரைபடத்தையோ அட்டவணையையோ பார்த்துக் குறைந்தது 150 சொற்கள் எழுதச் சொல்வார்கள், இருபது நிமிடம் அதற்கு. எழுத்தறிவுக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 2001-ல் ஆண்கள் 75.26, பெண்கள் 53.67 சதவீதம். 2011-ன் முதற்கட்டக் கணக்கில் ஆண்கள் 82.14, பெண்கள் 65.46. வழக்கமாக வரும் விடை இப்படி இருக்கும்:

'தி மென் லிட்டரசி வாஸ் இன்கிரீஸ்டு டு 7 பெர்சென்ட். தி விமன் லிட்டரசி ஆல்ஸோ இன்கிரீஸ்டு அப்டு 12 பெர்சென்ட். தி லிட்டரசி இஸ் ஸ்கைராக்கெட்டிங் டே பை டே.'

முதல் கேள்வியைப் போடுங்கள்: யாரோ ஏற்றியதாகச் சொல்லவில்லை, அதனால் 'வாஸ்' போகட்டும், 'ரோஸ்' வரட்டும். இரண்டாவது: ஏறியது விகிதம், ஆகவே 'தி லிட்டரசி ரேட் அமங் மென்'. 7, 12 இரண்டும் கூடிய அளவு, சேர்ந்த இடம் அல்ல, எனவே 'பை'. சதவீதத்தின் வித்தியாசம், எனவே 'பாயின்ட்ஸ்'. பத்து வருஷக் கணக்கு, முடிந்துபோன காலம், 'டே பை டே'க்கு அங்கே வேலையே இல்லை. வேகத்தைப் பார்த்தால் பெண்களுடையது அதிகம், ஆனால் பத்து வருஷத்தில் 12 பாயின்ட் என்பது 'ஸ்கைராக்கெட்' இல்லை.

'பிட்வீன் 2001 அண்ட் 2011, தி லிட்டரசி ரேட் அமங் மென் ரோஸ் பை அபவுட் 7 பெர்சன்டேஜ் பாயின்ட்ஸ், டு 82 பெர்சென்ட். விமன் ஸா எ ஷார்ப்பர் ரைஸ், ஃப்ரம் 54 டு 65 பெர்சென்ட், அண்ட் தி கேப் பிட்வீன் தி டூ நேரோடு ஃப்ரம் அபவுட் 22 பாயின்ட்ஸ் டு 17.'

இடைவெளி குறைந்தது என்ற அந்தக் கடைசித் துண்டைச் சும்மா சேர்க்கவில்லை. இரண்டு கோடுகளும் ஏறின என்பது படத்தைப் பார்த்த யாருக்கும் தெரியும். அவற்றில் எது வேகமாக ஏறி மற்றதை நெருங்கியது என்பதைச் சொல்லும் வரியைத்தான் தேர்வாளர் தேடுவார், அதை 'ஓவரால்' என்று தொடங்கி விடையின் இரண்டாவது பத்தியிலேயே எழுதிவிடுங்கள், கடைசி நிமிடத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டாம்.